கண்மாய்க் கரை ஆக்குப்புரை

சொக்குவுக்கு எந்த இடத்தைப் பார்த்தாலும் அங்கே அடுப்பை எங்கே போடலாம் என்றுதான் முதலில் தோன்றும். திருக்கோஷ்டியூர் பெருமாளைச் சேவிக்கப் போன இடத்திலும் அப்படித்தான். கும்பிட்டுவிட்டு வெளியே வந்ததும் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, பாத்திரம் கழுவின தண்ணீர் எங்கே வடியும் என்று பார்த்துக்கொண்டு நின்றார். பெரிய வீடுகளில் கல்யாணம், அறுபதாம் வயசுச் சாந்தி என்று விசேஷம் வந்தால் கொல்லைப் பக்கம் கொட்டகை போட்டு வெளியே சமைக்கிறார்களே, அந்த ஆக்குப்புரையைப் போட்டு ஆக்கி இறக்குவதுதான் அவர் தொழில். காரைக்குடியைச் சுற்றி அவர் அடுப்பு மூட்டாத கொல்லை குறைவு.

அதனால்தான் புரட்டாசிக் கடைசியில் மஞ்சள் மிஷின் வந்து நொச்சிக்கண்மாய்க் கரை வீடுகளையெல்லாம் தள்ளிவிட்டுப் போன அன்றைக்கு, மற்றவர்கள் மண்ணை வாரித் தூற்றிக்கொண்டிருந்தபோது, இந்த மனுஷன் புளியமரத்தடியில் குதிகாலால் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் அவர் பெண்டாட்டி நாகஜோதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வீடு போச்சுன்னு ஊரே அழுகுது. நீங்க அங்குட்டு நின்னுக்கிட்டு என்னத்த அளக்குறீக?"

"பொழுது சாஞ்சா புள்ளைக சாப்புடணும்ல? வாடைக்காத்து திரும்பிருச்சு. தகரத்த வடக்க நட்டாத்தான் நெருப்பு நிக்கும். இந்தா புள்ள, அந்தச் செம்புராங்கல்லு நாலு எடு."

கல்லுக்குப் பஞ்சமில்லை. நாற்பது சொச்சம் வீட்டுக் கல்லும் அங்கேதான் கிடந்தது. நாகஜோதி தூக்கிவந்ததில் ஒன்றில் நீலச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. அவள் வீட்டுச் சுவர்தான். போன பொங்கலுக்கு அவளே அடித்த நீலம். அதையும் கொண்டுவந்து போட்டாள்.

பொழுது சாய்வதற்குள் ஆக்குப்புரை நின்றுவிட்டது. தரையை வெட்டி நீள அடுப்பு ஒன்று, குழம்புக்குப் பக்கத்தில் சின்னதாக ஒன்று. வடக்கே தகரத் தட்டி. மேலே சவுக்குக் கம்பில் தார்ப்பாய், புகை வெளியேறுகிற உயரத்துக்கு. யாரோ வீட்டு நிலைக்கதவு இரண்டு டிரம் மேல் படுத்துக் காய் நறுக்கும் மேசையாகிவிட்டது. தண்ணீர் டிரம்முக்குக் குழாய், கழுவின தண்ணீர் ஓட வாய்க்கால், அந்த வாய்க்கால் போய்ச் சேர ஒரு குழி. கருவை விறகைத் தரையில் படாமல் கல்மேல் அடுக்கி மூடியிருந்தார். விசேஷ வீட்டில் செய்வதில் ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை. சந்தனம் பன்னீர்தான் பாக்கி என்று அம்மாக்கண்ணு சொன்னாள். அம்மாக்கண்ணு பக்கத்து வீட்டுக்காரி. புருஷன் செத்த அன்றைக்கும் நாலு பேரைச் சிரிக்கவைத்துவிட்டு அழுத வாய் அவளுக்கு.

நீர்நிலை ஆக்கிரமிப்பு என்று வருஷா வருஷம் நோட்டீஸ் வரும். இவர்களும் வருஷா வருஷம் அதை வாங்கி அடுப்புப் பற்றவைத்துவிட்டுப் பிழைப்பைப் பார்க்கப் போவார்கள். இந்த வருஷம் நோட்டீஸ் மிஷினோடு வந்துவிட்டது. வந்தவர்கள் போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனார்கள். ரோட்டுக்கு மேற்கே இருக்கிற மேட்டுத் தரிசு சர்க்கார் நிலம். நிஜமாகவே போக்கிடம் இல்லாத சனம் என்று தெரிந்தால் பெருமழைக்கு முன்னால் அங்கே தகரக் கொட்டகை போட்டுத் தருவார்கள். பட்டா பின்னால். ஒரு அதிகாரி நேரில் வந்து பார்த்து எழுத வேண்டும், அவ்வளவுதான்.

அந்தத் தகரக் கொட்டகை நாகஜோதிக்கு மகளுக்காக வேண்டும். ஒரே மகள் மஹாலட்சுமி. காளையார்கோவிலில் கட்டிக்கொடுத்திருந்தது. வளைகாப்புப் போட்டு, தலைப்பிரசவத்துக்கு என்று கூட்டிவந்து வளையல் சத்தம்கூட அடங்கவில்லை, கூட்டிவந்த வீடு இல்லை. தலைப்பிள்ளை தாய் வீட்டில்தான் பிறக்க வேண்டும். நாகஜோதிக்குத் தாய் வீடு இல்லை. மாமியார் வீட்டில்தான் பிள்ளை பெற்றாள். "பெத்துப் போட ஒரு கூரை இல்லாதவ" என்ற சொல்லை மாமியார் கண்ணை மூடுகிற வரைக்கும் சோற்றோடு சேர்த்துப் போட்டுக்கொண்டே இருந்தாள். தன் மகள் காதில் அந்தச் சொல் விழக் கூடாது. தகரமாக இருந்தால் என்ன, கூரை கூரைதானே. கார்த்திகை பிறப்பதற்குள் வந்துவிட்டால் போதும்.

அதுவரைக்கும் சனம் கலையாமல் இருக்க வேண்டும். கலைந்துவிட்டால் போக்கிடம் இருக்கிறவர்கள் என்றுதானே எழுதுவான்? அதற்குத்தான் பொது அடுப்பு. அரிசி இருக்கிறவர்கள் அரிசி கொண்டுவந்தார்கள், இல்லாதவர்கள் விறகு வெட்டினார்கள். எதிர் வீட்டு ராபியா மலேசியாவிலிருந்து புருஷன் அனுப்பிய பெரிய பால் பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஜோதிக்கா, புள்ளைகளுக்குக் காலையில கலக்கிக் குடுங்க" என்றாள். காலையில் எழுந்ததும் சொக்கு தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கேட்பார்.

"இன்னைக்கு எத்தன எலை?"

கல்யாண வீட்டில் கேட்கிற கேள்வி. இலை ஏது, ஆளுக்கொரு தட்டுத்தான். ஆனாலும் அவருக்கு அப்படிக் கேட்டால்தான் கை ஓடும். சோறும் ஒரு குழம்பும்தான். அதற்கே நெருப்பை இழுத்துவிட்டு, உப்பை உள்ளங்கையில் நிறுத்துப் பார்த்து, யாரோ சம்பந்திக்குப் பந்தி வைக்கிறவர் மாதிரி வேர்த்துக் கொட்டுவார். மனுஷன் சந்தோஷமாக இருக்கிறாரோ என்றுகூட நாகஜோதிக்குச் சில நேரம் சந்தேகம் வந்தது.

அதிகாரி வருகிற சேதியை ஆட்டோ ஓட்டும் கார்த்திக் கொண்டுவந்தான். மனு எழுதுவது, ஆபீசுக்கு நடப்பது எல்லாம் அவன்தான். மரத்தடியில் எல்லாரையும் உட்காரவைத்துப் பேசினான்.

"வெள்ளிக்கெழம வாராராம். இந்த நேரம்னு சொல்லல. அண்ணே, உங்களுக்குத்தான் சொல்றேன். அன்னைக்குக் கஞ்சி மட்டும் போதும். வந்து பாத்தா, ஐயோ பாவம்னு இருக்கணும்."

"கஞ்சிக்குத் துவையல்?" என்றார் சொக்கு.

"துவையலும் வேணாம்ணே."

"வெறுங் கஞ்சியா?"

"வெறுங் கஞ்சிதான்."

சொக்கு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சரி என்று அவர் வாயால் சொல்லவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

வியாழக்கிழமை கொத்தமங்கலத்து நாச்சியம்மை ஆச்சி வீட்டில் சொக்குவுக்குச் சமையல். முடித்துவிட்டு வரும்போது ஆச்சி மிஞ்சின காய்கறியையெல்லாம் மூட்டையாகக் கட்டி வண்டியில் ஏற்றிவிட்டிருந்தார்கள். வெண்டைக்காய், கத்தரிக்காய், வாழைப்பூ, தேங்காய், ஒரு கட்டுத் தையல் இலைகூட. நாகஜோதி மூட்டையைப் பிரித்துப் பார்த்தாள்.

"நாளைக்குக் கஞ்சின்னு பேசியிருக்குல்ல?"

"பேசியிருக்கு. இந்தப் புழுக்கத்துல வெண்டிக்கா நாளன்னைக்குத் தாங்காது. ஆச்சி சாப்புடக் குடுத்தாக, கண்மாயில கொட்டவா?"

"கார்த்திக்கு வைவான்."

"வையட்டும். வாரவன் யாரா இருந்தா என்ன? நான் ஆக்குன அடுப்புல வெறுங் கஞ்சிய எறக்கி வச்சுக்கிட்டு, பாருங்கய்யான்னு கையக் கட்டி நிக்கணுமா? எனக்கு வராது புள்ள."

நாகஜோதி அப்போதே மூட்டையைக் கட்டி ஒளித்திருக்கலாம். ஆனால் மர நிழலில் படுத்திருந்த மஹாலட்சுமி தலையைத் தூக்கி, "அப்பா, வெண்டிக்கா மண்டியா வைக்கப் போறீக?" என்று கேட்டாள். அரிசி களைந்த தண்ணீரில் புளியைக் கரைத்து வைக்கிற மண்டி. வயிற்றுப் பிள்ளைக்காரி எட்டு நாளாக ஒரே குழம்புச் சோற்றை உருட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணில் தெரிந்த ஆசையைப் பார்த்தபிறகு பெற்றவள் என்ன செய்வாள்? விடியக்காலையில் மசாலாவுக்கு வறமிளகாயும் சோம்பும் அரைத்தது நாகஜோதிதான். வாழைப்பூ ஆய்ந்தது ராபியா. அம்மாக்கண்ணு தேங்காய் துருவிக்கொண்டே, "கஞ்சி நல்லா வாசமாத்தான் இருக்கு" என்றாள்.

அதிகாரி சரியாக உச்சி வேளைக்கு வந்தார். சின்ன வயசு. கண்ணாடி போட்ட, மரியாதை தெரிந்த முகம். இடிந்த சுவர்களைப் பார்த்தார், கொஞ்சம் வாடித்தான் போனார். அப்படியே திரும்பிப் போயிருந்தால் காரியம் முடிந்திருக்கும். வேளையில் வந்து நிற்கிறவரை எப்படி அனுப்புவது? நாகஜோதியின் வாய் அவளைக் கேட்காமலேயே சொல்லிவிட்டது.

"உச்சியில வந்திருக்கீக. ஒரு வாய் சாப்புட்டுப் போங்கய்யா."

கார்த்திக் தலையில் கை வைத்துக்கொண்டான். சொக்கு இலையை விரித்துத் தண்ணீர் தெளித்தே விட்டார்.

மண்டி, கத்தரிக்காய் கூட்டு, வாழைப்பூ பொரியல், பூண்டுக் குழம்பு. அதிகாரி மண்டியை மூன்று தடவை வாங்கிக்கொண்டார். "எங்க அம்மா கையில சாப்பிட்ட மாதிரி இருக்குங்க" என்றார். நாகஜோதிக்கு உள்ளே குளிர்ந்துபோனது. அதை மறைக்க என்ன இருக்கிறது, தெருவில் கிடக்கிறவளுக்கும் சமையல் நன்றாக இருக்கிறது என்றால் குளிரத்தான் செய்யும். கை கழுவிவிட்டு வந்தவர் ஆக்குப்புரையைச் சுற்றிச் சுற்றி வந்தார். குழாய் வைத்த டிரம், வாய்க்கால், விறகு அடுக்கு. "ரொம்ப நீட்டா வச்சிருக்கீங்க. நீங்களே யோசிச்சுப் பண்ணீங்களா?" சொக்கு ஒவ்வொன்றையும் காட்டிக் காட்டிச் சொன்னார். அதிகாரி போனில் படம் எடுத்தார். அடுப்புக்குப் பக்கத்தில் சொக்குவை நிற்கச் சொல்லியும் ஒன்று எடுத்தார். சொக்கு துண்டைச் சரிசெய்துகொண்டு நின்றார்.

அடுத்த வாரம் கார்த்திக் ஆபீசிலிருந்து திரும்பிவந்தான். ஆட்டோவை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தான்.

"எழுதிட்டாராம். சனங்க அவங்களாவே நல்ல ஏற்பாடு பண்ணிக்கிட்டாங்க, சாப்பாடு தண்ணிக்குக் குறையில்ல, கொட்டகைக்கு இப்ப அவசரமில்லன்னு. அடுத்த வருஷத்து லிஸ்ட்ல பாத்துக்கலாமாம். உங்க அடுப்புப் படத்த மேல அனுப்புனாராம், எல்லாரும் பாராட்டுனாகளாம்ணே."

அந்த அதிகாரி கெட்ட மனுஷன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். அம்மாக்கண்ணுதான் கடைசியில் வாயைத் திறந்தாள்.

"இன்னும் ரெண்டு அப்பளம் பொரிச்சு வச்சிருந்தீகன்னா அரமனைன்னே எழுதியிருப்பான்."

அன்றைக்கு அவள் சொன்னதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. சொக்கு தார்ப்பாய்க் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்க்க நாகஜோதிக்குச் சகிக்கவில்லை. அவரைத் திட்டவும் முடியவில்லை. சாப்பிடச் சொன்னது யார் வாய்?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சனம் ஒவ்வொன்றாகக் கிளம்பியது. ராபியா தேவகோட்டையில் அண்ணன் வீட்டுக்குப் போனாள். போகும்போது பால் பவுடர் டப்பாவை எடுக்காமல் விட்டுவிட்டு, மஹாலட்சுமியின் கன்னத்தைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொண்டு போனாள். சிலர் வாடகைக்குப் போனார்கள், சிலர் எங்கே போனார்கள் என்றே தெரியவில்லை. காலையில் சொக்கு "எத்தன எலை?" என்று கேட்பார், பதில் குறைந்துகொண்டே வந்தது. அப்புறம் கேட்பதை விட்டுவிட்டார்.

கார்த்திக் விடவில்லை. மறுபடியும் மனு, மறுபடியும் நடை. ஒரு நாள் வந்து சொன்னான்.

"திங்கக்கெழம வேற ஒருத்தர் வாராராம் அக்கா. இன்னொரு தடவ பாக்கச் சொல்லியிருக்காக. இதான் கடைசி. இந்தத் தடவையாச்சும்..." அவன் முடிக்கவில்லை.

"நீ போ. நான் பாத்துக்கிறேன்" என்றாள் நாகஜோதி.

திங்கட்கிழமை விடிந்ததும் எழுந்து அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டினாள். அடுப்புக் குழியில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினாள். அண்டாவையெல்லாம் உருட்டி இடிந்த சுவருக்குப் பின்னால் தள்ளினாள். டிரம்மின் குழாயைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். சொக்கு பார்த்துக்கொண்டே நின்றார்.

"இன்னைக்கு இங்க புகை எந்திரிக்கக் கூடாது. வயிறு நெறஞ்சிருக்குன்னு தெரிஞ்சா வாழுறோம்னு எழுதிப்புடுறாய்ங்க."

"புள்ளைக்கு?"

"டீக்கடையில ஒரு பன்னு வாங்கிட்டு வாங்க. ஒரு பொழுதுதான."

மஹாலட்சுமி பன்னைத் தின்று டீயைக் குடித்தாள். வெயில் ஏறினதும் அம்மாவிடம் வந்து நின்றாள். "பசிக்குதும்மா."

"செத்தப் பொறு ஆத்தா. வந்து பாத்துட்டுப் போயிரட்டும். போன ஒடனே சுடுசோறு ஆக்கித் தாரேன்."

உச்சிக்கு ஒரு கார் வந்து நின்றது. நாகஜோதி அவசரமாக ஈரத் தரையில் உட்கார்ந்துகொண்டாள். இறங்கியது காளையார்கோவில் சம்பந்தியம்மா. பின்னாலேயே மாப்பிள்ளை ஒரு பழப்பையோடு.

"மதினி, என்ன இப்புடி மண்ணுல உக்காந்திருக்கீக?"

நாகஜோதி எழுந்தாள். வாங்க என்றாள். சாப்பாட்டு வேளையில் வந்திருக்கிற சம்பந்திக்கு அடுத்து என்ன சொல்ல வேண்டுமோ அது தொண்டைக்கு வந்து நின்றது. அதை விழுங்கினாள். ஜென்மத்தில் முதல் தடவையாக ஒரு ஆளை உச்சி வேளையில் சாப்பிடச் சொல்லாமல் நிற்கவைத்தாள்.

சம்பந்தியம்மா சுற்றிலும் பார்த்தார்கள். மெதுவாக ஆக்குப்புரைக்குள் போய் அடுப்புக் கல்லைத் தொட்டார்கள். ஈரமாகச் சில்லென்று இருந்தது.

"காலையில என்னத்தா சாப்புட்ட?"

மஹாலட்சுமி அம்மாவைப் பார்த்தாள். "பன்னு அத்தை."

சம்பந்தியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் கொற சொல்லல மதினி. அண்ணன் கைப்பக்குவம் ஊரறிஞ்சது. அவுக அடுப்பே எரியலேன்னா இங்க நெலவரம் என்னன்னு எனக்குத் தெரியாதா? நீங்க நல்லாத்தான் வச்சிருக்கீகன்னு கேள்விப்பட்டு, பாத்துட்டுப் போகத்தான் வந்தேன். இப்ப வயித்துப்புள்ளக்காரிய விட்டுட்டுப் போக மனசு வரல. பேறுகாலம் அங்கனயே நடக்கட்டும். உங்களுக்கு ஒரு எடம் வரட்டும், கொழந்தையோட கூட்டிக்கிட்டு வாரேன்."

"இல்ல மதினி, இன்னைக்கு ஒரு நாள்தான்... எரியாம இருக்கு..."

எப்படிச் சொல்வது? வேண்டுமென்றே பிள்ளையைப் பட்டினி போட்டேன் என்றா? சொக்கு பக்கத்தில் வந்து தணிந்த குரலில் கேட்டார்.

"ஜோதி, பத்தவைக்கவா? விறகு காஞ்சதுதான் வச்சிருக்கேன். அர மணியில சோறாக்கிருவேன். ஒரு வார்த்த சொல்லு."

ஒரு வார்த்தைதான். நாகஜோதி ரோட்டைப் பார்த்தாள். வளைவில் வெள்ளை வண்டி ஒன்று திரும்பிக்கொண்டிருந்தது. அவர்தான். அவராகத்தான் இருக்கும். இப்போது புகை கிளம்பினால் எல்லாம் போச்சு. "செத்தப் பொறுங்க" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வண்டி கிட்டே வந்தது. உள்ளே தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள், பெரிய வீடு பார்க்கக் கொத்தமங்கலம் போகிறவர்கள். இடிந்த சுவரைப் படம் எடுத்துக்கொண்டே போய்விட்டார்கள்.

அதற்குள் மாப்பிள்ளை துணிப்பையை எடுத்துக் காரில் வைத்துவிட்டார். நாகஜோதி மகளுக்குத் திருநீறு பூசினாள். மூக்கில் உதிர்ந்ததைத் துடைத்துவிட்டாள். "அம்மா" என்றாள் மஹாலட்சுமி. வளையல் சத்தத்தோடு கார்க் கதவு சாத்திக்கொண்டது.

பொழுது சாய்கிற வரைக்கும் நாகஜோதி ரோட்டைப் பார்த்தபடி இருந்தாள். அதிகாரி யாரும் வரவில்லை. வேறு ஜோலி வந்துவிட்டதாம், இனிமேல் தை மாசத்துக்கு அப்புறம்தானாம் என்று கார்த்திக் போனில் சொன்னான். மழை தூற ஆரம்பித்தது. அம்மாக்கண்ணு தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள் சொல்லாமலேயே திரும்பிப் போனாள்.

சொக்கு அடுப்புக் குழியிலிருந்து தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் மொண்டு ஊற்றினார். காய்ந்த விறகைப் பிளந்து வைத்து ஊதினார். அண்டாவுக்குப் போட்ட அடுப்பில் சின்னச் சட்டி உட்காரவில்லை, உள்ளே விழப் பார்த்தது. நீலச் சுண்ணாம்புக் கல்லை நகர்த்தி உள்ளே தள்ளினார். அப்போதும் இடைவெளி இருந்தது. இன்னொரு கல்லையும் தள்ளினார். சோறு வெந்ததும் ஆச்சி வீட்டு இலைக்கட்டில் மிஞ்சியிருந்த காய்ந்த இலைகளை உதறிப் போட்டார். பழக்கத்தில் மூன்றாகப் போட்டுவிட்டார்.

நாகஜோதி இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். சோற்றில் கை வைக்கவில்லை.

"சாப்புடு" என்றார் சொக்கு. "அவ இந்நேரம் காளையார்கோவில் போயிச் சாப்புட்டிருப்பா."

"சாப்புட்டிருப்பா" என்றாள் நாகஜோதி. "எங்கிட்டப் பசிக்குதுன்னு சொல்லிட்டுல்லங்க போனா."